பினாங்குத் துண்டு

எனக்குக் கஞ்சத்தனம் ஆகாது, டாக்டரம்மா. காரைக்குடியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், காஜா மைதீன் தாராளமான ஆள் என்பார்கள். என் தங்கை சுலைகா மட்டும்தான் இப்போது வேறு மாதிரி பேசுகிறாள். உங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவளுடைய பச்சைப் பிள்ளையின் பக்கம் என்னை அண்டவிட மாட்டாளாம். தாய்மாமன் நான். நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

போன பங்குனியில் என் மணிக்கட்டில் கட்டி வந்தது. நீங்கள்தான் கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தீர்கள். "நல்லாப் போச்சுன்னு பாதியில நிறுத்திப்புடாதீக" என்றும் சொன்னீர்கள். இரண்டாம் நாளே கட்டி அமுங்கிவிட்டது. நோயில்லாதவன் மருந்து தின்பது வீண்தானே. மிச்சத்தை அலமாரியில் எடுத்து வைத்தேன், நாலு பேருக்கு உதவும்.

பிள்ளைக்குப் பேர் வைக்கும் விருந்து வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. சாப்பிட்டு எழும் விருந்தாளிக்குக் கையில் தண்ணீர் ஊற்றித் துண்டு நீட்டுவது தாய்மாமன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் என் தகப்பனார் பினாங்கிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பூத்துண்டை எடுத்தேன். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். ஆளுக்கொரு துண்டு கொடுக்க நானென்ன ஜவுளிக்கடையா வைத்திருக்கிறேன்.

அன்றைக்கென்று கட்டி மறுபடி கிளம்பி, உடைந்து கசிந்தது. விருந்தாளிகள் முகம் சுளிக்கக் கூடாதே என்று துண்டின் ஒரு முனையை மணிக்கட்டில் சுற்றி மறைத்துக்கொண்டேன். மறுமுனையில்தான் துடைத்தார்கள். கூட்டம் நெருக்கியபோது முனை மாறியிருக்கலாம்.

கடைசியில் சுலைகா பிள்ளையைக் கொண்டுவந்தாள். "கையக் கழுவிட்டு வாங்கண்ணே" என்றாள். அத்தனை பேருக்குத் தண்ணீர் ஊற்றிய கையை இன்னும் என்ன கழுவுவது. அந்தத் துண்டிலேயே பிள்ளையை ஏந்தினேன். சுகமாகக் கொட்டாவி விட்டான்.

ஒரு வாரத்தில் தெருவே நெளிந்தது. விருந்துக்கு வந்திருந்த சேக் பரீதுக்கு அக்குளில் கட்டி. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சண்டைக்கு வருகிறவர் மாதிரி கடைத்தெருவில் நடந்தார். அவரோடு சாப்பிட்ட அப்துல் சுபஹான் டவுன் பஸ்ஸில் இடமிருந்தும் நின்றே போனார். எங்கே கட்டி என்று நானும் கேட்கவில்லை. பாவமாக இருந்தது. வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு கேப்ஸ்யூல் கொடுத்தேன். கட்டி முன்னிலும் பெரிதாக வந்தது.

பிள்ளைக்கும் தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பிக் காய்ச்சல் கண்டது. நீங்கள் போட்ட முதல் ஊசி கேட்கவில்லை. "அரைகுறையா மருந்து தின்னா, சாகாம மிஞ்சுற கிருமி அந்த மருந்துக்கே அடங்காது. அதைத்தான் ஒங்க துண்டு எல்லாருக்கும் கொண்டு சேத்திருச்சு" என்றீர்கள். மதுரையிலிருந்து வேறு மருந்து வரவழைத்தீர்கள். நேற்றுத்தான் பிள்ளை கண் திறந்து பால் குடித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"புண்ண மூடிக் கட்டுங்க. சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. அவுகவுக துண்டு அவுகவுகளுக்கு. எழுதிக் கொடுத்த மருந்த முழுசா முடிங்க, அடுத்தவுகளுக்குக் கொடுக்காதீக. அப்புறம் உள்ள விடச் சொல்றேன்" என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் சம்மதம். துண்டைக்கூட வெந்நீரில் போட்டு அவித்துவிட்டேன்.

ஒப்புக்கொள்கிறேன். கட்டியை மறைத்தது நான், துண்டை நீட்டியது நான், அதிலேயே பிள்ளையைத் தூக்கியதும் நான்தான். என் பிசகு எங்கே என்று நன்றாக யோசித்தும் பார்த்துவிட்டேன். ஆளுக்கு ஒரு கேப்ஸ்யூல் போதாது. அதனால்தான் பிள்ளைக்கு இரண்டாகக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ சட்டைப்பையில்.