கீழ்க்கிளை அம்மனுக்கு

வெயிலில் உட்கார்ந்து சூடாகத் தேநீர் குடிக்க யாருக்கும் பிடிக்காது. தோசையை எவ்வளவு முறுகலாக வார்த்தாலும் சரி, நிழல் இல்லையென்றால் ஆள் எதிரே இருக்கும் சீனர் காப்பிக்கடைக்குப் போய்விடுவான். அங்கே மின்விசிறி உண்டு.

மின்சார வாரியத்திலிருந்து விசாரிக்க வந்த உங்களிடம் இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் நிழலில்தான் தொடங்கியது. என் பெயர் சதாசிவம். பாலோவில், தாமான் குடியிருப்பின் முனையில், வேப்பமரத்தடியில் இருக்கும் ஒட்டுக்கடை என்னுடையது. மரத்துக்கு மேலே பெரிய மின்கம்பி போகிறது. வருடா வருடம் குளுவாங்கிலிருந்து கிளை வெட்டும் குத்தகை ஆட்கள் வருவார்கள். ஒரு வருடம் கம்பியை ஒட்டிய கிளைகளோடு நிற்காமல் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். மறுபடி தழைக்கும் வரை நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை அவர்கள் வருவதற்கு முன்பே அடிமரத்தில் மஞ்சள் துணியைச் சுற்றிக் குங்குமம் வைத்தேன். ஒரு சூலத்தை நட்டு எலுமிச்சம்பழம் குத்தினேன். யாரையும் ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. வேம்பு அம்மனுடைய மரம்தானே, துணி கட்டுவதில் என்ன குற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

குத்தகை ஆட்களின் தலைவன் விஜயன் நம் தமிழ்ப் பையன். தலைக்கவசத்தையும் காலணியையும் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"அண்ணே, கம்பிகிட்ட இருக்குறத மட்டுமாச்சும் எடுத்துடுறேனே. மழையில சரசரன்னு பொரியும், ஆபத்துலா," என்றான்.

"அம்மா உத்தரவு குடுக்கணும் தம்பி. நான் யாரு சொல்றதுக்கு?"

கூட வந்த மலாய்ப் பையன்கள் அதற்குள் ஏணியை லாரியில் ஏற்றிவிட்டார்கள். இந்த மாதிரி மரம் என்றால் அவர்களுக்கும் பயம்.

அதன்பிறகு யாரும் மரத்தில் கை வைக்கவில்லை. கிளைகள் கம்பிக்குள் வளர்ந்தன. மழைக்காலத்தில் உச்சியில் பொரியும் சத்தம் கேட்கும். இலை நுனிகள் கருகியிருக்கும். விஜயன் சொன்னதுதான் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைக்கு வந்த பெண்கள் அம்மன் பேசுகிறாள் என்றார்கள். நான் மறுக்கவில்லை, கற்பூரம் ஏற்றினேன். வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் சேர்ந்தது. கும்பிட வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டும் போனார்கள்.

அம்மை போட்ட வீடுகளுக்கு வேப்பிலை வேண்டுமே. ஆளாளுக்குக் கைக்கு எட்டிய கிளையை ஒடிக்கத் தொடங்கினார்கள். கைக்கு எட்டும் கிளைகள்தான் என் மேசைகளுக்கு நிழல். அதனால் கீழ்க்கிளை அம்மனுக்கு உரியது, வேண்டியவர்கள் மேலே பறித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தேன். சாமி காரியத்தில் ஓர் ஒழுங்கு வேண்டும் அல்லவா? யாரும் காரணம் கேட்கவில்லை.

மணியம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். தினமும் என் கடையில்தான் பசியாறுவான். அவன் மகள் லோஷினிக்கு அம்மை போட்டிருந்தது. அன்று காலை அப்போதுதான் மழை விட்டிருந்தது. மணியம் ஒரு கீழ்க்கிளையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, ரெண்டு கொத்துதான். பிள்ளைக்கு."

"கீழ வேணாம் மணியம். உனக்குத் தெரியாததா? மேல எடுத்துக்க. உங்கிட்டதான் நீட்டுக் கழி இருக்கே."

குலை வெட்டும் கழி அலுமினியம். செம்பனை உயரத்துக்கு நீளும். அவன் அதை மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்து நீட்டியபோது நான் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். 'கம்பி, பார்த்து' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், மேலே இருப்பது அம்மன் இல்லை, மின்சாரம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சத்தம் கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் தரையில் கிடந்தான். உயிர் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் விபத்து என்று நானும் நம்பியிருப்பேன். சாவு வீட்டில் அவன் மனைவி செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க என்ன தப்புண்ணே பண்ணோம்?"

சுற்றிலும் தாமான் ஜனங்கள் நின்றார்கள். கிளை ஏன் வெட்டப்படவில்லை என்று ஒருவர் அப்போதுதான் பேச்சை எடுத்திருந்தார்.

"பிள்ளைக்கு அம்மை இருக்கும்போது வீட்டுல கவிச்சி ஏதும் சமைச்சியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் முகம் செத்துப்போனது. "அவருதான் ஆசையா கேட்டாரு. கருவாடு பொரிச்சேன்."

கண்ணை மூடிக் கும்பிட்டேன், அவ்வளவுதான். அதன்பிறகு கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. என் முகத்தை நானே கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்வதில்லை, கடைத்தெரு நாவிதரிடம் போய்விடுகிறேன்.

செல்வராணி வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து விளக்கேற்றுகிறாள். ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். இன்று காலை நீங்கள் விஜயனையும் ஆட்களையும் அழைத்துக்கொண்டு மரத்தை வெட்ட வந்தபோது, மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றதும் அவள்தான்.

"வெட்டாதீங்க. அவரைக் குடுத்தும் அம்மா கோபம் தீரலை. எம்பிள்ளையையும் எடுத்துக்குவா," என்று கதறினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க கேட்டுச் சொல்லுங்கண்ணே. அம்மா என்னை மன்னிச்சுட்டாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளை விடுவிக்க எனக்கு ஒரு சொல் போதும். அவள் நெற்றியில் திருநீறு பூசி, "இன்னும் ஒரு வருஷம் விளக்கு போடும்மா," என்றேன். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அம்மனும் இல்லை, கருவாடும் இல்லை. மணியத்தைக் கம்பியிடம் அனுப்பியவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மரத்தை வேரோடு எடுத்துக்கொள்ளுங்கள். செல்வராணியிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவள் தாங்கமாட்டாள்.