போறேன்னா போறேன்தான்

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இப்படி துணி மூட்டை மேலயே உக்காருங்க. அழுக்கு இல்ல, துவைச்சதுதான். ஆஸ்பத்திரி பெட்ஷீட்னு மூஞ்சிய சுளிக்காதீங்க, உங்க வீட்டுப் போர்வையை விட சுத்தமா இருக்கும். கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கிறோம்.

என்ன சொன்னீங்க, ஆபீஸ்ல இருந்து எனக்குன்னு போட்ட புது வழிகாட்டியா? நல்லாருக்கு. இந்த லாண்டரிக்கு வர்றதுக்கே கேட்ல வாட்ச்மேன்கிட்ட வழி கேட்டுக்கிட்டு நின்னீங்க, நான் ஜன்னல்ல பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க எனக்கு வழி காட்டப் போறீங்களாக்கும்.

இல்ல இல்ல, அக்கான்னெல்லாம் கூப்பிட மாட்டேன். மேடம்னா மேடம். அக்கான்னு ஒருத்தங்க வந்துட்டுப் போனதே போதும். அப்புறம் இந்த ஹோம், இல்லம்னு மழுப்புற பேச்செல்லாம் என்கிட்ட வேணாம். பதினெட்டு ஆகாத புள்ளைங்கள அடைச்சு வச்சு வெளியில பூட்டுறாங்கல்ல, அதுக்கு ஜெயில்னுதான் பேரு. நான் ஜெயில்ல இருந்துட்டு வந்தவ. வாய் கூசாம சொல்லிப் பழகுங்க.

போன் அடிக்குது, தெரியுது. அடிச்சுட்டுப் போகட்டும். எங்க அண்ணன்தான். உங்க ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்களே? செல்போன் கடை ஷட்டரை உடைச்சது அவன். நான் தெருமுனையில நின்னு ஆள் வருதான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அவன் ஓடிட்டான், நான் மாட்டிக்கிட்டேன். கூட வந்தது யாருன்னு எப்படியெல்லாமோ கேட்டாங்க, நான் வாயே திறக்கல. இப்ப அவனுக்கு மறுபடியும் தெருமுனையில நிக்க ஆள் வேணுமாம். அதான் தங்கச்சி தங்கச்சின்னு உருகுறான். இந்தத் தடவை மாட்டினா பெரியவங்க ஜெயில்தான். தெரியும் மேடம், தெரியும். அதையும் நீங்க வந்து சொல்லித்தான் தெரியணுமா?

ஆமா, உங்களுக்கு முன்னாடி வந்துக்கிட்டு இருந்தது ஒரு பஸ் கண்டக்டர். கண்டக்டரக்கான்னுதான் இங்க எல்லாரும் சொல்லுவோம். வாராவாரம் வந்துரும். அந்தத் தொண்டை இருக்கே, ட்ரையர் ஓடுற சத்தத்துலயும் அது பேசுறது பின் கட்டு வரைக்கும் கேக்கும். உங்கள மாதிரி பதமா தலையாட்டிக்கிட்டு உக்கார எல்லாம் அதுக்குத் தெரியாது. திட்டும். நானும் திட்டுவேன்.

இங்க சேர்ந்த மொத நாளே என் வேலைக்கு நானே உலை வச்சேன், அது தெரியுமா உங்களுக்கு? சாயங்காலம் சூப்பர்வைசரம்மாகிட்ட போயி, போறேன்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். மறுநாள் வந்தா என் மெஷின்ல வேற ஒருத்தி நின்னு பெட்ஷீட்டை இஸ்திரி உருளைக்குள்ள விட்டுக்கிட்டு இருக்கா. என்னம்மா இதுன்னு கேட்டா, நீதானடி போறேன்னு சொல்லிட்டுப் போனியேன்னு என் மேலயே பாயுறாங்க.

சிரிக்காதீங்க. இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கிற எவளும் போயிட்டு வரேன்னு சொல்லவே மாட்டா. கோர்ட்டுக்குப் போனாலும் சரி, ஒரேயடியா விட்டுட்டாலும் சரி, போறேன்தான். வரேன்னு சொன்னா திரும்ப அங்கயே வந்துருவோமாம். ஒருத்தி வாய் தவறி சொல்லிட்டான்னு அவ வாயிலயே ரெண்டு போட்டாளுங்க. வெளியில வந்தா அப்படியே தலைகீழ். போறேன்னு சொன்னா வாயைக் கழுவுடிங்கிறாங்க. நான் எங்க போயி முட்டிக்க?

கண்டக்டரக்காதான் அன்னைக்கு ஓடி வந்துச்சு. சூப்பர்வைசரம்மாவோட மல்லுக்கு நின்னு என் மெஷினை வாங்கிக் குடுத்துச்சு. அதோட விட்டுச்சா? அந்தா அந்த வாசப்படியில என்னை நிக்க வச்சு, போயிட்டு வரேன்னு சொல்லுடின்னு ஒரே பிடிவாதம். முடியலக்கான்னு அழுதே போயிட்டேன். திரும்பி வர ஒரு எடம் இருக்கிறவதான்டி அப்படி சொல்ல முடியும், உனக்கு இருக்கு, சொல்லுன்னுச்சு.

சொன்னேன். அப்புறம் தினமும் சொல்லிட்டுத்தான் போனேன்.

இப்பவா? மகன் வீட்டோட போயிருச்சு, கடல் தாண்டி. போன மாசம் வந்து, இதே மாதிரி மூட்டை மேல உக்காந்துக்கிட்டு, போறேன்டின்னு சொல்லுச்சு. என்னக்கா, எனக்கு சொல்லிக் குடுத்துட்டு நீ உளர்ற, போயிட்டு வரேன்னு சொல்லுன்னு நான்தான் கிண்டல் பண்ணேன். இல்லடி, போறேன்தான்னுச்சு. என்கிட்ட பொய் சொல்ல மனசு வரலையாம். சொன்னா என்ன, குறைஞ்சா போயிரும்? ஊருக்கே பொய் சொல்றாங்க, எனக்கு ஒண்ணு சொன்னா ஆகாதா? அன்னைக்கு மனசுக்குள்ள அவ்வளவு திட்டினேன். இன்னும் ஆத்திரம் அடங்கல.

நீங்க எவ்வளவு நாளைக்கு? வேற வேலை கிடைக்கிற வரைக்குமா, கல்யாணம் ஆகுற வரைக்குமா? பதில் சொல்லாதீங்க, அந்தத் தலையாட்டலைத்தான் நான் நம்பல.

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. இன்னொரு நாள் எல்லாம் வேணாம். நான் மரியாதை இல்லாம பேசிட்டேன்னு கோவமா? கோவப்படுங்க, உக்காந்துக்கிட்டே கோவப்படுங்க.

கேட்டுக்கு வெளியில மரத்தடியில ஒரு வேன் நிக்குதுல்ல, அது எங்க அண்ணனோடது. அவனா வரல. காலையில நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். கண்டக்டரக்கா போனதுல இருந்து இங்க யாருக்காக வர்றேன்னே தெரியல, போதும்னு ஆயிருச்சு. வேலை முடிஞ்சதும் சூப்பர்வைசரம்மாகிட்ட போறேன்மான்னேன். பழைய ஞாபகத்துல உளர்றேன்னு நெனச்சு சிரிச்சாங்க. நான் உளறல. பையைத் தோள்ல மாட்டிட்டேன், அந்த நேரம் பார்த்து நீங்க வந்து நிக்கிறீங்க.

அவனுக்குப் பொறுமை கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் போன் அடிச்சுப் பார்ப்பான், அப்புறம் கிளம்பிருவான். அதுவரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இருங்க மேடம். என்ன வேணா பேசுங்க, நான் கேக்குறேன்.