ஏழு நொடிக் கதவும் எங்கள் ஷரத்தம்மாவும்

ஒப்பந்தத்தின் ஒவ்வோர் எழுத்தையும் உரசிப் பார்க்கும் உரைகல்லே! வீடியோ கேம் செய்யும் இந்நிறுவனத்தின் கண்ணிமைக்காத காவலே! இருபத்தோராண்டுகள் ஒப்பந்தப் பிரிவை ஆண்டு, இன்று மாலை ஐந்து மணிக்கு விடைபெறும் எங்கள் ஷரத்தம்மாவே! வணக்கம்!

எந்த ஒப்பந்தமானாலும் எழுந்து நின்று உரக்க வாசிப்பீர்கள். படம் வரைபவர் முதல் இசை அமைப்பவர் வரை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். கொட்டாவி விட்டவர் அந்த ஷரத்தை மறுபடி வாசிக்க வேண்டும். ஷரத்தம்மா என்று நாங்கள் பட்டம் வைத்ததே அதனால்தான்.

மாதச் சந்தாவுக்கு நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைத் தரும் அந்த இணையச் சேவை, எங்கள் விளையாட்டு ஆடப்படும் மணிக்கணக்குக்குத்தான் எங்களுக்குக் கூலி என்றபோது, நாங்கள் செய்த அசட்டுத்தனம் ஊரறியாது, நீங்கள் அறிவீர்கள். மூன்று மணி நேரத்தில் முடியும் அழகிய ஆட்டத்தில் கதவுகளையெல்லாம் மெல்லத் திறக்கவைத்தோம். கதவுக்கு ஏழு நொடி! ஆடும் நேரம் நீண்டது, வருமானம் ஏறியது. நீங்கள் ஒருநாள் உட்கார்ந்து ஆடிப் பார்த்தீர்கள். "என்னப்பா இது, கதவு திறக்கிறதுக்குள்ள நான் ரிட்டயரே ஆயிடுவேன் போல! ஆடறவங்க ஆயுசத் திருடியா நாம சம்பளம் வாங்கணும்?" என்றீர்கள். வெட்கம் எங்களைப் பிடுங்கித் தின்றது. எட்டு மாதம் சேவையோடு மல்லுக்கட்டி, மணிக்கணக்கை ஒழித்து, முன்கூட்டியே ஒரே தொகை என்று வாங்கித் தந்தீர்கள். கதவுகள் தொட்டதும் திறந்தன.

அந்த ஒப்பந்தம் இன்று முடிகிறது. மறுபடி மணிக்கணக்குக்கு ஒப்புங்கள், இல்லையேல் மாலை ஐந்து மணிக்கு விளையாட்டை நீக்கிவிடுவோம் என்கிறது சேவை. நம் வருமானத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. "நாளைலேருந்து நான் இருக்க மாட்டேன். கஷ்டப்படப் போறது நீங்க, முடிவையும் நீங்களே எடுங்க" என்று நேற்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அம்மா, சேவை அனுப்பிய புது ஒப்பந்தத்தை இன்று காலை நாங்களே எழுந்து நின்று உரக்க வாசித்தோம். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. இருவர் அழுதார்கள். ஒருவரின் மனைவிக்கு இது நிறைமாதம். இன்னொருவர் வேலையில் சேர்ந்தே மூன்று மாதம்தான். பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆயினும் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்திட்டு, முடியாது என்று அனுப்பிவிட்டோம். அதே கையெழுத்துகள் அதே வரிசையில் இம்மடலின் கீழும் உள்ளன. முதல் இரண்டும் அழுத அந்த இருவருடையவை.

நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்க, ஷரத்தம்மா! உங்கள் மணிநேரத்தை இனி எவரும் எண்ணாதிருக்கட்டும்.

ஐந்து மணியை எதிர்நோக்கியபடி,
உங்கள் முப்பத்திரண்டு பேர்