பொன்னுத்துரை வீட்டுத் தனி ஒயர்

மழை பெய்தால் படத்தில் புள்ளி விழத்தான் செய்யும். அதற்குக் கேபிள்காரன் என்ன செய்வான், ஐயா? ஆனாலும் நாகல் நகரில் பாதிப் பேர் என்னைத்தான் திட்டுவார்கள். திட்டாதவள் யுவராணி ஒருத்திதான்.

என் பெயர் செபஸ்தியான். தொண்ணூறுகளிலிருந்து இதே தொழில். மற்ற சானல்களோடு எங்கள் சொந்தச் சானல் ஒன்றும் உண்டு. போன் பண்ணினால் கேட்ட படத்தைப் போடுவோம். சின்னாளபட்டிச் சேலை வியாபாரி பொன்னுத்துரையின் மனைவிதான் யுவராணி. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுவாள்.

"அண்ணே, புருசன்காரன் கொடுமை பண்ற படமாப் போடுங்கண்ணே. கடைசியில அந்தப் பய சாகணும். திருந்திட்டான்னு முடிச்சிராதீக."

ஒரு நாள் கேட்டால் பொழுதுபோக்கு. தினமும் இதையே கேட்கிறாள் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைப்பீர்கள்? மாதா கோயிலில் அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

"ஏலே, தெனமும் ஒப்பாரிதானா?" என்று மற்ற வீடுகளில் சத்தம் போட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவள் வீட்டுக்கு மட்டும் தனி ஒயர் இழுத்தேன், தனி டி.வி.டி. பிளேயர் வைத்தேன். பாட்டு அவளுக்கு ஆகாது என்று தெரிந்ததும் பாட்டை வெட்டினேன். புருசன் காலில் விழுந்து அழும் காட்சியையும் வெட்டினேன். அவன் சாவதை மட்டும் இரண்டு தடவை போட்டேன்.

"நல்லா இருந்துச்சுண்ணே. இன்னைக்குத் தட்டுல ஒரு பருக்கை மிச்சமில்ல" என்றாள். மகராசி வயிறாரச் சாப்பிட்டாளே என்று எனக்கு அம்புட்டுச் சந்தோஷம்.

இரண்டாயிரத்து ஆறில், வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வந்தது. பொன்னுத்துரையும் ஒன்று வாங்கிவிட்டார்.

"அப்பு, நாளைக்கு வந்து உங்க ஒயரைக் கழட்டிக்கிறீகளா? கோவிச்சுக்கிறாதீக. இருந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

தேன் ஒழுகப் பேசினார். வெளியே எல்லாக் கொடுமைக்காரனும் அப்படித்தான் பேசுவான். என்னிடம் சொல்லி அழ அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த ஒயர். அதையும் அறுக்கப் பார்த்தார்.

மறுநாள் அவளுக்குப் பிடித்த படமாகப் பார்த்து ஓடவிட்டு, அவர்கள் மொட்டை மாடிக்குப் போனேன். கொலைக் காட்சி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அப்போது சத்தத்தைக் கூட்டி வைப்பாள். பொன்னுத்துரை குனிந்து டிஷ்ஷுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். பையில் இருந்த மிச்ச ஒயரை அவர் கழுத்தில் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தேன். கேபிள் ஒயர் அறுபடாது, ஆனால் வழுக்கும். கையில் துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அவர் குதிகால் சிமெண்டில் தேய்ந்து தோல் உரிந்தது. அப்படியும் அடங்கவில்லை. ஸ்பேனரை எடுத்து மண்டையில் அடித்தேன், எலும்பு உள்ளே போகும்வரை. கீழே டி.வி.யிலும் ஒருவன் அலறிக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்து, "முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

யுவராணி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார் காளியம்மாளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் சட்டையைப் பார்த்தாள். மாடிக்கு ஓடினாள். அவள் போட்ட கூப்பாடு நாலு தெருவுக்குக் கேட்டது.

உங்களிடம் அவள் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். "எங்க அத்தைக்குக் கைகால் விளங்காது. படத்துல கெட்டவன் செத்தாத்தான் ஒரு வாய் சோறு இறங்கும். அதுக்குத்தான் கேட்டேன். எம் புருசன் என்னை ஒரு அடி அடிச்சதில்ல, பாவி!"

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்களும் அவள் சொன்னதை நம்பிவிட்டீர்களே, அதுதான் வருத்தம். அந்தக் கிழவி உயிரோடு இருக்கும்வரை அவளால் வாய் திறந்து உண்மையைச் சொல்ல முடியுமா?

ஜாமீன் எப்போது கிடைக்கும், ஐயா?