இரண்டு கைக் கொண்டி

இரும்புக் கேட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் கொண்டியை மட்டும் கடைசி நிமிடத்தில் ஏதோ ஒன்று என்று வாங்கி மாட்டுவார்கள், சார். அது தப்பு.

என் பெயர் பரமேஸ்வரன். கேரி தீவில் செம்பனைக் குலை வெட்டி வளர்ந்தவன். பதினெட்டு வருடமாகக் கிள்ளான் பக்கம் மேருவில் கேட் பட்டறை வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் நல்ல கொண்டி போட்டவன், என் பின்தோட்டத்துக் கேட்டுக்குப் பழைய கம்பிக் கொக்கியைத்தான் விட்டுவைத்திருந்தேன். விரலால் தட்டினால் திறந்துகொள்ளும். என் மனைவி குமுதா அதைத் தட்டிவிட்டுப் பின்சந்து வழியாகப் பிலோமினா ஆன்டி வீட்டுக்கு ஓடிவிடுவாள், நான் கை ஓங்கும்போதெல்லாம். நான் வீட்டில் இருந்தால் முன்கேட் பூட்டித்தான் இருக்கும். திருட்டுப் பயத்துக்குக் கிள்ளானில் எல்லாரும் அப்படித்தான்.

வீட்டுச் சண்டை வீட்டுக்குள் முடியவேண்டும். இவள் ஓடிப்போனால் பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ஹார்ட்வேர் கடையில் ஐந்தாறு கொண்டிகளைப் பார்த்தேன். ஒன்றை எடுத்ததும் கடைக்காரன் கென்னத் தலையை ஆட்டினான்.

"அது வேணாம்லா அண்ணே. ஸ்பிரிங் ரொம்ப டைட்டு. ஒரு கையால குமிழ இழுத்துப் புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால கொண்டியத் தூக்கணும். பாசார் பையோட வந்து நின்னா அக்கா உங்களத்தான் அடிப்பாங்க."

"அடிக்கட்டும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்போது குமுதாவின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதா வேண்டாமா என்ற பேச்சில் மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. கென்னத்துக்கு அது தெரியாது. அவனை விசாரிக்க வேண்டாம்.

சனிக்கிழமை மாட்டினேன். வெளியிலிருந்து யாரும் கையை விட முடியாதபடி தகடு வைத்துப் பற்றவைத்தேன். பிறகு வலது கையை பெல்ட்டில் செருகிக்கொண்டு, இடது கையால் மட்டும் திறந்து பார்த்தேன். பதினோரு தடவை முயன்றேன். முடியவில்லை. அப்புறம்தான் பெயின்ட் அடித்தேன். வேலையில் நான் அவசரப்படுகிற ஆள் இல்லை.

ஞாயிறு மத்தியானம் மீன்குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. சொன்னேன். "ஒத்தக் கையால வேற எப்படிக் கரைக்கிறதாம்?" என்றாள். ஓர் அறை விட்டேன். பின்பக்கம் ஓடினாள். நான் நடந்துதான் போனேன். துணிக்கொடிக்கு வைத்திருந்த இரும்புக் குழாயை வழியில் எடுத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு ஆன்டி வந்துவிட்டார். அந்தப் பக்கம் நின்று தகட்டைத் தட்டினார்.

"தூக்கு குமுதா! கொண்டியத் தூக்கும்மா!"

"ஒரு கைதான் ஆன்டி இருக்கு."

இவள் குனிந்து குமிழைப் பல்லால் கடித்து இழுத்தாள். அதை நான் யோசித்திருக்கவில்லை. ஸ்பிரிங் பாதி வந்துவிட்டது. இடது கை கொண்டியைத் தொட்டுவிட்டது. அங்கேதான் முதல் அடி. பல் இரண்டு குமிழிலேயே நின்றது. நான் மூன்று அடி எண்ணினேன். டாக்டர் ஒன்பது என்கிறார். படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் சார்: அவள் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிக் கேட்டிருந்தால், நானே திறந்து விட்டிருப்பேன்.