நீலம் மாறாத சீனி

லிந்துலைப் பக்கம் ஒரு பாடசாலையில் பதினாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது பெனடிக்ட் சோதனை. அந்த நீலக் கரைசலில் குளுக்கோஸைக் கலந்து சூடாக்கினால் செங்கல் நிறம் வரும். வீட்டுச் சீனியைக் கலந்தால் நீலம் அப்படியே நிற்கும். சீனியும் இனிப்புதான், ஆனால் குளுக்கோஸ் போலத் தாழ்த்தும் வெல்லம் அல்ல; அதனால் இந்தச் சோதனையில் பிடிபடாது.

என் மனைவி ஷெரோமி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக இருந்தாள். இரண்டு வருடம். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மூன்று மாதத்தில் இரத்தத்தில் சீனி குறைந்தால் மெடிக்கலில் பாஸ் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து இனிப்பில்லாத தேத்தண்ணிதான். குடிக்கும்போது அவள் முகம் சுருங்கும். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஹட்டனில் சீனி வாங்கி, ஒரு புது டின்னில் கொட்டிக் கொண்டுவந்தேன். சீனி வருத்தக்காரருக்கென்றே வருவது என்றேன். அவள் நம்பவில்லை. சனிக்கிழமை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு சோதனைக் குழாய்களைச் சுடுநீரில் வைத்துக் காட்டினேன். குளுக்கோஸ் சிவந்தது. டின்னில் இருந்தது நீலமாகவே நின்றது.

"அப்ப இதுல சீனியே இல்லீங்களா?"

"நீயே பாக்குறியே."

அன்றிலிருந்து கோப்பைக்கு மூன்று கரண்டி. நானே கலக்கிக் கொடுப்பேன்.

கிளினிக்கில் டொக்டர் அவளைத்தான் ஏசினார். "பொய் சொல்லாதம்மா. இனிப்புத் திங்காம இப்படி ஏறாது."

"மாதா மேல சத்தியமா, தொடலைங்க டொக்டர்."

நான் பக்கத்தில் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெடிக்கலில் பெயில். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில், "அடுத்த வருசம் மறுபடி பாப்போங்க" என்றாள். அந்த வாரமே டின்னை நிரப்பினேன்.

பிறகு செருப்பு உரசி காலில் ஒரு புண். ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், அப்புறம் முழங்கால் வரை. வார்டில் என் கையைப் பிடித்து, "நான் என்னங்க தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அது உண்மை. பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் இறந்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. தெரிந்தேதான் கொடுத்தேன். கொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அவள் என்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. போகவில்லை. பங்குக் கோவில் சேமக்காலைக் கல்லறையில், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறாள்.