பெட்டியில் ஒருத்தி மட்டும்

– மூடாதீங்க சார். இன்னொரு தடவை பாத்துக்கறேன்.

– பாருங்கம்மா. தொட மட்டும் கூடாது. நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இந்தப் பொருள் மியூசியத்தோடது.

– பொருள் இல்ல சார். எங்க மாமாவோட தாத்தாவைப் பெத்தவ.

– தப்பா எடுத்துக்காதீங்க. இங்க எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவோம்.

– விடுக்கா, சாருக்கு வாய் தவறிடுச்சு. கையெழுத்தைப் போட்டுட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள மலை ஏறணும். அந்த வளைவுல வண்டி ஓட்டறது நான்தானே, நீயா?

– குழந்தை எங்கடா?

– ஆரம்பிச்சிட்டியா!

– காய்ச்சல்ல செத்தவளையும் அவ கைக்குழந்தையையும் ஒரே குழியில வெச்சாங்க, மார்மேல படுக்கப் போட்டு. மியூசியத்துக்குன்னு துப்பாக்கியோட வந்தவங்க ரெண்டு பேரையும் தோண்டித் தூக்கிட்டுப் போனாங்க. மரத்து மேல ஒளிஞ்சிருந்து பாத்த பையன், அவளோட மூத்தவன், சாகிற வரைக்கும் இதைத்தான் சொல்லிட்டிருந்தான். இந்தப் பெட்டியில ஒருத்திதான் இருக்கா.

– அம்மா, யாருன்னு உறுதியானதை மட்டும்தான் சட்டப்படி திருப்பித் தர முடியும். அந்தக் குழந்தை வேற பிரிவு. ரெண்டுக்கும் உறவு இருக்குன்னு எங்க நிபுணர்கள் ஒத்துக்கல. என் கையில எதுவும் இல்ல.

– அப்போ குழந்தை இங்கதான் இருக்கு.

– நான் அப்படிச் சொல்லல.

– இப்பதான் சொன்னீங்க சார்.

– அக்கா, சண்டை வளக்காதே. சார், இன்னைக்கு வாங்கிக்கலேன்னா என்ன ஆகும்?

– அனுமதி காலாவதி ஆயிடும். மறுபடி முதல்லேர்ந்து மனு போடணும். தருவாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது.

– கேட்டியா? மாமா செருப்புத் தேய அலைஞ்சு வாங்கின அனுமதி இது. மலைச்சனத்துக்கு எலும்பு எதுக்குடான்னு வாசல்லயே சிரிச்சாங்களே, அதையும் பொறுத்துக்கிட்டு வாங்கினாரு. இப்ப படுத்த படுக்கை. கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சு என்ன சொன்னாரு தெரியுமா? "அவ வந்துட்டா நான் நிம்மதியா போயிடுவேன்டா"ன்னாரு. வெறுங்கையோட போய் அந்த முகத்துல எப்படி முழிக்கறது?

– எனக்கு மட்டும் அவர் மாமா இல்லையா? நான் பிரசவ வார்டு நர்சுடா. பிள்ளை சீக்குல உள்ள கிடந்தா பெத்தவ வெளிய பெஞ்சுலயே கிடப்பா. வீட்டுக்குப் போன்னு திட்டினாலும் அசைய மாட்டா. இவளை மட்டும் எப்படி நான் தனியா இழுத்துட்டுப் போவேன்?

– செத்துப் போனவங்கக்கா.

– அதனாலதான் அவளால வாய் திறந்து கேக்க முடியல. சார், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். எங்க வெச்சிருக்கீங்க?

– ...முன்கூடத்துல. மாடிப்படி பக்கத்துல, கண்ணாடிக்குள்ள.

– சார்... அந்தச் சின்னதா? கால் மடக்கிப் படுத்திருக்கே, அதா?

– ஆமா. அதைப் பாக்கத்தான் கூட்டம் வருது. எடுக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு.

– உள்ள வரும்போது பாத்தேன்க்கா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க சுத்தி நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தாங்க. நானும் எட்டிப் பாத்து... கோழிக்குஞ்சு மாதிரி இருக்குதேன்னு சிரிச்சேன்.

– உனக்கு எப்படிடா தெரியும்? அழாதே.

– சார், ஒரு துணியாவது போட்டு மூடுங்க.

– மேல கேக்கணும்.

– கேளுங்க. அதுவரைக்கும் நான் கண்ணாடிக்கு முன்னால நிக்கறேன். யாரும் பாக்கக் கூடாது.

– தம்பி, கூடத்துல அப்படி நிக்க விடமாட்டாங்க. போலீஸைக் கூப்பிடுவாங்க.

– கூப்பிடட்டும். எங்க வீட்டுப் பிள்ளைன்னு சொல்றேன்.

– அப்போ கையெழுத்துப் போடவாடா, வேண்டாமா?

– போடாதேக்கா. அவ இங்கயே இருக்கட்டும். பிள்ளை இருக்கற கட்டிடத்துலதானே இருக்கா.

– மாமாவுக்கு என்னடா சொல்றது? இந்நேரம் வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாரு.

– போனைக் குடு, நானே பேசறேன்... ஹலோ, அத்தையா? மாமா காதுல வைங்க... மாமா, நான்தான். பாப்பாவைக் கண்டுபிடிச்சிட்டோம் மாமா. ஆமா, பாப்பாதான். இன்னைக்கு யாரையும் கூட்டிட்டு வரல. வந்தா ரெண்டு பேரும் சேந்துதான் வருவாங்க. நாளாகும்... மாமா, கேக்குதா? அதுவரைக்கும் நீங்க போயிடாம இருங்க.